என்-400 (அமெரிக்கக் குடியுரிமை விண்ணப்பப் படிவம்): பாதிக் கட்டணத்தில் யார் விண்ணப்பிக்கலாம், யார் அவசரப்படக் கூடாது

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். எனக்கும் கணவருக்கும் வேலை வழியாகக் கிரீன் கார்டு வந்து ஐந்து வருடம் ஆகப் போகிறது. கணவர் சம்பளம் மட்டும்தான், வருடத்துக்கு 98,000 டாலர். பையனுக்குப் பதினொரு மாதத்தில் 18 முடிகிறது, பெண்ணுக்கு 12. இருவருக்கும் கிரீன் கார்டு உண்டு. மாமியாருக்கு 67 வயது. நாத்தனார் ஸ்பான்சர் செய்து அவருக்குக் கிரீன் கார்டு வந்து ஆறு வருடம். எங்களுடன்தான் இருக்கிறார், போன வருடம் எட்டு மாதம் மதுரையில் இருந்துவிட்டு வந்தார். எல்லோருக்கும் சேர்த்துக் குடியுரிமைக் கட்டணம் கட்டுவது சிரமம். குறைந்த கட்டணம் எங்களுக்குக் கிடைக்குமா? எப்படிக் கேட்பது?

பதில்: கிடைக்கும். ஆனால் நீங்கள் இருக்கும் நிலையில் எல்லோரும் அதைக் கேட்பது சரியாக வராது. என் கருத்து இது: கணவர் முழுக் கட்டணம் கட்டி ஆன்லைனில் போடட்டும். நீங்கள் பாதிக் கட்டணம் கேட்டுக் காகிதத்தில் போடுங்கள். மாமியார் இப்போது போட வேண்டாம். பிள்ளைகள் இருவரும் என்-400 போடவே வேண்டியதில்லை. காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் பணக் கணக்கு. 2024 ஏப்ரல் 1 முதல் உள்ள கட்டணப்படி என்-400ஐக் காகிதத்தில் அனுப்பினால் 760 டாலர், ஆன்லைனில் போட்டால் 710. கைரேகைக் கட்டணமும் இதற்குள் அடங்கும். குடும்ப வருமானம் மத்திய அரசின் வறுமைக் கோட்டு அளவைப் போல நான்கு மடங்குக்குள், அதாவது 400 சதவீதத்துக்குள் இருந்தால் 380 டாலர் போதும். இந்தச் சலுகை காகித விண்ணப்பத்துக்கு மட்டும்தான். முன்பு இந்தச் சலுகைக்கு 200 சதவீதம்தான் உச்ச வரம்பு, ஐ-942 என்று தனிப் படிவமும் இருந்தது. அந்தப் படிவம் இப்போது இல்லை. என்-400க்குள்ளேயே 10ஆம் பகுதியில் கேட்டுவிடலாம். "நமக்கெல்லாம் சலுகை கிடைக்காது" என்று பலர் நினைப்பது அந்தப் பழைய வரம்பை மனதில் வைத்துத்தான். 2025ஆம் ஆண்டின் அளவுப்படி ஒருவருக்கு வறுமைக் கோடு 15,650 டாலர், கூடுதலாக ஒவ்வொருவருக்கும் 5,500. நான்கு பேர் குடும்பத்துக்கு 32,150 ஆகிறது, அதன் நான்கு மடங்கு 1,28,600. ஐந்து பேருக்கு 37,650, நான்கு மடங்கு 1,50,600. உங்கள் 98,000 இரண்டுக்கும் கீழேதான் இருக்கிறது. அலாஸ்கா, ஹவாய் இரண்டுக்கும் அளவு இன்னும் அதிகம். ஒவ்வோர் ஆண்டும் தொடக்கத்தில் இந்த எண்கள் மாறும், அனுப்பும் நாளில், விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் குடிவரவு அலுவலகமான யுஎஸ்சிஐஎஸ் தளத்தில் உள்ள அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டணங்களுக்கு ஜி-1055 என்ற அட்டவணை இருக்கிறது. அதில் உள்ள தொகைதான் இறுதியானது, வேறு எங்கே என்ன எழுதியிருந்தாலும்.

முழு விலக்கு என்பது வேறு. அதற்கு ஐ-912 படிவம். மூன்று வழிகளில் ஒன்றைக் காட்ட வேண்டும்: வருமானத்தைப் பார்த்துத் தரப்படும் அரசு உதவி இப்போது பெற்றுக்கொண்டிருக்கிறீர்கள், அல்லது குடும்ப வருமானம் வறுமைக் கோட்டின் 150 சதவீதத்துக்குள் இருக்கிறது, அல்லது பெரிய மருத்துவச் செலவு, வேலையிழப்பு போன்ற கடும் நெருக்கடியில் இருக்கிறீர்கள். 2025 அளவுப்படி ஐந்து பேருக்கு 150 சதவீதம் என்பது 56,475. உங்கள் வருமானம் அதைத் தாண்டிவிட்டதால் இரண்டாவது வழி இல்லை. முதல் வழியில் குறைந்த வருமானத்தவருக்கான மருத்துவ உதவியான மெடிகெய்ட், உணவு உதவியான ஸ்னாப், வருமானம் குறைந்த முதியோருக்கும் ஊனமுற்றோருக்குமான எஸ்எஸ்ஐ, ஏழைக் குடும்பங்களுக்கான பண உதவியான டேனிஃப் ஆகியவை கணக்கில் வரும். முதியோருக்கான மருத்துவக் காப்பீடான மெடிகேர், ஓய்வூதியமாக வரும் சோஷியல் செக்யூரிட்டி, வேலையில்லாக் கால உதவி மூன்றும் வராது. மெடிகெய்டையும் மெடிகேரையும் குழப்பிக்கொண்டு அனுப்பித் திரும்பி வந்த உறைகள் ஏராளம். சான்றாக அட்டையின் நகலை மட்டும் வைத்தால் பெரும்பாலும் போதாது. உதவி தரும் அலுவலகத்தின் பெயர், உதவியின் பெயர், பெறுபவரின் பெயர், இப்போது நடப்பில் இருப்பதைக் காட்டும் தேதி, இந்த நான்கும் உள்ள கடிதம் வேண்டும்.

சலுகை கேட்பதே விண்ணப்பத்துக்குக் கெடுதல் என்று ஒரு பயம் நம்மவர்களிடம் பரவலாக இருக்கிறது. அரசுக்குச் சுமை ஆவாரா என்று பார்க்கும் சோதனை கிரீன் கார்டு கட்டத்துக்கு உரியது. குடியுரிமைக்கான தகுதிகளில் அது இல்லை. தகுதி இருந்து கேட்டால் யாரும் குறைவாக மதிக்க மாட்டார்கள். பொய்யான வருமானம் எழுதினால்தான் ஆபத்து. அந்தப் படிவத்தில் போடும் கையெழுத்து சத்தியப் பிரமாணத்துக்குச் சமம், பொய் என்று தெரிந்தால் நன்னடத்தைத் தகுதியே போய்விடும்.

இப்போது பையன். உங்கள் வீட்டில் எல்லாவற்றையும் விட அவசரமான விஷயம் இவன்தான், ஆனால் கேள்வியில் அவனைப் பற்றி ஒரு வரிதான் இருக்கிறது. சட்டம் சொல்வது: 18 வயதுக்குக் கீழே, கிரீன் கார்டுடன், அமெரிக்காவில் பெற்றோரின் சட்டப்படியான பொறுப்பில் அவர்களுடன் வாழும் பிள்ளைக்கு, பெற்றோரில் ஒருவர் குடியுரிமை பெற்ற அந்த நிமிடமே தானாகக் குடியுரிமை வந்துவிடும். விண்ணப்பம், தேர்வு, கட்டணம் எதுவும் கிடையாது. ஒருவர் போதும், இருவரும் வேண்டியதில்லை. ஆனால் அப்பாவோ அம்மாவோ குடியுரிமை பெறும் கடைசிக் கட்டமான உறுதிமொழி, பிள்ளையின் 18ஆவது பிறந்த நாளுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். விண்ணப்பம் அனுப்பிய தேதியோ நேர்காணல் தேதியோ கணக்கில் வராது. ஒரு நாள் தவறினாலும் பையன் தனியாக என்-400 போட்டு, தேர்வு எழுதி, கட்டணம் கட்டி வர வேண்டும்.

பதினொரு மாதம் நிறைய மாதிரி தெரியும், ஆனால் அது இறுக்கமான காலம். காகித விண்ணப்பம் அஞ்சலில் போய், பிரிக்கப்பட்டு, கணினியில் ஏறவே சில வாரம் ஆகலாம். சலுகைக்கான சான்றில் ஏதாவது குறை கண்டால் முழு உறையையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். திரும்பி வந்த விண்ணப்பத்துக்குத் தேதி கிடையாது, மறுபடி அனுப்பும் நாளிலிருந்துதான் கணக்கு. இதில் இரண்டு மாதம் போனால் பையனின் பிறந்த நாள் கைநழுவலாம். ஆன்லைனில் போட்டால் அன்றே ரசீது எண் கிடைக்கும். அதனால்தான் கணவர் 710 கட்டட்டும் என்கிறேன். 380க்கும் 710க்கும் இடையே 330 டாலர் வித்தியாசம். பிறந்த நாள் தவறினால் பையனுக்கு மட்டும் குறைந்தது 380 செலவாகும், அலைச்சல் வேறு. நேர்காணலில் கணவர் பையனின் பிறந்த தேதியை அதிகாரியிடம் சொல்லி, உறுதிமொழி நாளைச் சீக்கிரம் தரும்படி பணிவாகக் கேட்கலாம். பையனின் கிரீன் கார்டு நகலையும் பிறப்புச் சான்றையும் கையில் வைத்திருக்கட்டும்.

எப்போது அனுப்பலாம்? கிரீன் கார்டில் 'ரெசிடன்ட் சின்ஸ்' என்று இருக்கும் தேதியிலிருந்து ஐந்து வருடம் நிறைவதற்கு 90 நாள் முன்பே விண்ணப்பிக்கலாம். மூன்று மாதம் என்று கணக்குப் போடாதீர்கள், நாட்களாக எண்ணுங்கள். ஒரு நாள் முந்தி அனுப்பினாலும் விண்ணப்பம் வீண். யுஎஸ்சிஐஎஸ் தளத்திலேயே இதற்கு ஒரு கணிப்பான் இருக்கிறது. இரண்டு மூன்று நாள் தள்ளி அனுப்புவது பாதுகாப்பு. அடைக்கலம் பெற்று வந்த இலங்கைத் தமிழர்கள் இந்தத் தேதியைக் கவனமாகப் பார்க்க வேண்டும். அடைக்கல வழியில் வந்தவர்களுக்கு அட்டையில் உள்ள தேதியே ஒப்புதல் நாளிலிருந்து ஓராண்டு முன்தேதியிட்டுத் தரப்படும், அகதியாக வந்தவர்களுக்கு வந்து இறங்கிய நாளே போடப்படும். அட்டை கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணிக் காத்திருப்பவர்கள் வீணாகக் காத்திருக்கிறார்கள்.

இனி உங்கள் காகித விண்ணப்பம். சலுகை கேட்பவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் குடும்பக் கணக்கில்தான். உங்கள் குடும்பம் என்று எண்ண வேண்டியவர்கள்: நீங்கள், உடன் வாழும் கணவர், திருமணமாகாத 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் (முழுநேரம் படிப்பவர்களானால் 24 வரை), உங்களுடன் வாழும் உங்கள் பெற்றோர், பிறகு உங்கள் அல்லது கணவரின் வரிக் கணக்கில் சார்ந்திருப்பவர்களாகக் காட்டப்பட்டவர்கள். மாமியார் உங்களைப் பெற்றவர் அல்ல. ஆகவே உங்கள் படிவத்தில் அவரைச் சேர்க்க வேண்டுமானால் கூட்டு வரிக் கணக்கில் அவர் பெயர் இருக்க வேண்டும். இருந்தால் ஐந்து பேர், இல்லையென்றால் நான்கு பேர். உங்கள் விஷயத்தில் எப்படி எண்ணினாலும் வரம்புக்குள்தான் வருகிறீர்கள். அப்படியிருந்தும் எண்ணிக்கையைச் சரியாக எழுதுங்கள், படிவத்தில் ஒன்றும் வரிக் கணக்கில் வேறொன்றும் இருந்தால் உறை திரும்பி வரும்.

10ஆம் பகுதியில் மொத்த வருமானம், குடும்பத்தில் எத்தனை பேர், அவர்களில் சம்பாதிப்பவர்கள் எத்தனை பேர், நீங்கள் குடும்பத் தலைவரா, இல்லையென்றால் தலைவர் யார் என்று கேட்பார்கள். உங்களுக்கென்று வருமானம் இல்லை என்பதால் பூஜ்யம் எழுதிவிடாதீர்கள். கேட்பது குடும்ப வருமானம். தலைவர் என்ற இடத்தில் கணவர் பெயர், வருமானத்தில் கணவரின் தொகை. சம்பளத்துக்கு வெளியே ஊரில் உள்ள வீட்டு வாடகை, பிள்ளைகள் அல்லது உடன்பிறந்தவர்கள் தவறாமல் தரும் பணம், ஓய்வூதியம் இருந்தால் அவையும் சேரும். நாத்தனார் மாதாமாதம் அம்மாவுக்கு என்று பணம் தருகிறார் என்றால் அதையும் மறக்காதீர்கள்.

சான்றுகளில் மிக வலுவானது வரித் துறையான ஐஆர்எஸ் தரும் வரிக் கணக்கு டிரான்ஸ்கிரிப்ட். ஐஆர்எஸ் தளத்தில் இலவசமாக எடுக்கலாம். அதோடு வேலை தருபவர் கொடுக்கும் ஆண்டுச் சம்பளச் சான்றான டபிள்யூ-2, அண்மை மாதங்களின் சம்பளச் சீட்டுகள். போன வருடக் கணக்குக்கும் இப்போதைய சம்பளத்துக்கும் பெரிய வேறுபாடு இருந்தால், ஏன் என்று நான்கு வரியில் எழுதிக் கையெழுத்திட்ட ஒரு தாள் வையுங்கள். தமிழில் உள்ள ஆவணம் எதுவானாலும் ஆங்கில மொழிபெயர்ப்பும், "எனக்கு இரு மொழியும் தெரியும், மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது" என்று மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட உறுதியும் வேண்டும். நோட்டரி முத்திரை தேவையில்லை.

உறைக்குள் போக வேண்டியவை: என்-400, கிரீன் கார்டின் இரு பக்க நகல், வருமானச் சான்றுகள், பணம் செலுத்தும் படிவம். மின்னஞ்சலில் ரசீதுத் தகவல் வேண்டுமானால் மேலே ஜி-1145. திருமணச் சான்று, பழைய திருமணம் ஏதாவது இருந்திருந்தால் விவாகரத்து ஆணை, கைது அல்லது வழக்கு எதுவானாலும் நீதிமன்றத்தின் இறுதி ஆவணம், இவற்றையும் தயாராக வையுங்கள். பணம் விஷயத்தில் பழைய வழிகாட்டுதல்களை நம்பாதீர்கள். 2025 அக்டோபர் 28க்குப் பிறகு காகித விண்ணப்பத்துக்குக் காசோலையும் மணி ஆர்டரும் ஏற்கப்படுவதில்லை. ஜி-1450 வழியாகக் கார்டிலிருந்தோ, ஜி-1650 வழியாக அமெரிக்க வங்கிக் கணக்கிலிருந்தோ எடுத்துக்கொள்வார்கள். கார்டு மறுக்கப்பட்டால் விண்ணப்பமே திரும்பும். அனுப்பும் முன் வங்கிக்குச் சொல்லி, அரசு அலுவலகத்திலிருந்து இந்தத் தொகை வரும் என்று தெரிவித்துவிடுங்கள். கார்டு வரம்பில் இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். வீட்டில் இரண்டு பேர் விண்ணப்பித்தால் இரண்டு தனித் தொகுப்பு, இரண்டு தனிப் பணப் படிவம். ஒன்றாகச் சேர்த்து ஒரே தொகையாகச் செலுத்தக் கூடாது.

படிவத்தின் கீழ் ஓரத்தில் பதிப்புத் தேதி இருக்கும். எல்லாப் பக்கத்திலும் ஒரே தேதியா, அது இப்போது ஏற்கப்படும் பதிப்பா என்று பாருங்கள். எப்போதோ இறக்கி வைத்த படிவத்தில் பாதியும் புதியதில் பாதியுமாகக் கலந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. கையெழுத்தைப் பேனாவால் போடுங்கள். பெயரைத் தட்டச்சு செய்தால் அது கையெழுத்து ஆகாது. அனுப்பும் முகவரி மாநிலத்தைப் பொறுத்தும் அஞ்சலா கூரியரா என்பதைப் பொறுத்தும் மாறும், அன்றைய தேதியில் தளத்தில் பார்த்து எழுதுங்கள். முழுத் தொகுப்பையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள், நேர்காணலில் அதிகாரி உங்கள் பதில்களைத்தான் ஒவ்வொன்றாகத் திரும்பக் கேட்பார்.

பெயர்ப் பகுதியில் தமிழர்களுக்கு அடிக்கடி வரும் சிக்கல் ஒன்று உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் ஒருவருக்கு இனிஷியல் விரிந்து அப்பா பெயர் பின்னால் வரும், இன்னொருவருக்கு முன்னால் வரும், வேறொருவருக்குக் கணவர் பெயர் ஒட்டியிருக்கும். குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்த பாஸ்போர்ட்டுக்கு விசாவில் 'எஃப்என்யு' (முதற்பெயர் தெரியாது) என்று முதற்பெயரில் போட்டு, அதுவே கிரீன் கார்டு வரை வந்திருக்கும். இதுவரை எந்த ஆவணத்தில் எந்த வடிவில் பெயர் இருந்தாலும் "வேறு பெயர்கள்" என்ற இடத்தில் எல்லாவற்றையும் எழுதுங்கள், திருமணத்துக்கு முந்தைய பெயர் உட்பட. மாற்ற விரும்பினால் என்-400லேயே புதுப் பெயரைக் கேட்கலாம், தனிக் கட்டணம் இல்லை. ஆனால் அந்த மாற்றம் நீதிபதி நடத்தும் உறுதிமொழி நிகழ்ச்சியில்தான் ஆகும். யுஎஸ்சிஐஎஸ் அலுவலகமே நடத்தும் நிகழ்ச்சியில் ஆகாது. நீதிமன்ற நாளுக்குக் காத்திருக்க வேண்டி வரலாம் என்பதால், பையனின் தேதி நெருக்கும் உங்கள் வீட்டில் கணவர் பெயர் மாற்றம் கேட்காமல் இருப்பதே நல்லது. நீங்கள் கேட்டுக்கொள்ளலாம்.

பயணப் பட்டியலுக்கு வருவோம். ஐந்து வருடத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்த ஒவ்வொரு பயணமும் வேண்டும். புறப்பட்ட நாளும் திரும்பிய நாளும் அமெரிக்காவில் இருந்த நாட்களாகவே எண்ணப்படும். மொத்தம் 30 மாதம், அதாவது 913 நாளாவது இங்கே இருந்திருக்க வேண்டும். இது ஒரு கணக்கு. தொடர்ச்சியாக வசித்தீர்களா என்பது வேறு கணக்கு, மாமியாருக்கு இடிப்பது அங்கேதான்.

ஒரே பயணம் ஆறு மாதத்தைத் தாண்டினால், தொடர் வசிப்பு முறிந்துவிட்டது என்று அதிகாரி எடுத்துக்கொள்வார், இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு விண்ணப்பிப்பவருக்கு. ஒரு வருடம் அல்லது அதற்கு மேல் போனால் முறிந்ததுதான், நிரூபிக்க இடமில்லை. நீண்ட பயணத்துக்கு முன்பே வாங்கும் ரீ-என்ட்ரி பர்மிட் இருந்தால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது திரும்பி உள்ளே வர மட்டும் உதவும், இந்தக் கணக்கைக் காப்பாற்றாது. மாமியாரின் எட்டு மாதத்துக்குப் பதில் சொல்ல முடியும்: வீடும் மகனும் இங்கே, வரிக் கணக்கு இங்கே, அங்கே வேலை இல்லை, தங்கியதற்கு மருத்துவக் காரணம் இருந்தால் மருத்துவமனைக் கடிதம். இவையெல்லாம் நல்ல சான்றுகள். ஆனாலும் முடிவு அதிகாரி கையில். அந்தப் பயணத்திலிருந்து திரும்பி நான்கரை வருடம் கழிந்த பிறகு விண்ணப்பித்தால், கடைசி ஐந்து வருடத்துக்குள் விழும் பகுதி ஆறு மாதத்தைத் தாண்டாது, கேள்வியே எழாது.

அவருக்கு இதைவிடப் பெரிய தடை மொழி. கிரீன் கார்டு வாங்கி 20 வருடமாகி வயது 50 ஆனவர்களுக்கும், 15 வருடமாகி வயது 55 ஆனவர்களுக்கும் ஆங்கிலத் தேர்வு இல்லை. குடியியல் தேர்வைத் தமிழிலேயே, தாமே அழைத்துவரும் மொழிபெயர்ப்பாளர் வழியாக எழுதலாம். 65 வயதும் 20 வருடமும் ஆனவர்களுக்குக் குடியியலிலும் எளிய பட்டியல் உண்டு. மாமியாருக்கு வயது இருக்கிறது, வருடம் இல்லை. ஆறு வருடத்தில் எந்த விலக்கும் பொருந்தாது. ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் படிக்கவும் எழுதவும், அதிகாரி கேட்பதற்குப் பதில் சொல்லவும் தெரிந்திருக்க வேண்டும். மறதி நோய், பக்கவாதம் போன்ற காரணத்தால் கற்கவே முடியாது என்றால் மருத்துவரோ மருத்துவ உளவியலாளரோ என்-648 படிவத்தில் சான்று தரலாம். வயதாகிவிட்டது, படிப்பு இல்லை என்பவை மட்டும் காரணமாக ஏற்கப்படா. நிராகரித்தால் பணம் திரும்பாது, சலுகைக் கட்டணமானாலும் சரி. இப்போது 380 கட்டிவிட்டுத் தோற்றுப்போவதை விட, அவர் ஆங்கில வகுப்புக்குப் போவதும், இனி எந்தப் பயணமும் ஆறு மாதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதும் நல்லது. ஊரில் உடம்பு சரியில்லாமல் போனால்கூட ஐந்தாவது மாதத்தில் திரும்பும் டிக்கெட்டைப் பற்றி யோசியுங்கள்.

அவர் பெயரில் மெடிகெய்ட் வாங்கி முழு விலக்கு கேட்கலாமா என்று யாராவது யோசனை சொல்வார்கள். வாங்கும் முன் நாத்தனாரிடம் பேசுங்கள். அம்மாவின் செலவுக்குத் தாமே பொறுப்பு என்று சொல்லும் ஐ-864 படிவத்தில் ஸ்பான்சராகக் கையெழுத்திட்டவர் அவர். அந்தப் பொறுப்பு அம்மா குடியுரிமை பெறும் வரையோ, 40 காலாண்டு வேலைக் கணக்கு சேரும் வரையோ நீடிக்கும். சில உதவிகளுக்கு நாத்தனாரின் வருமானத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

தேர்வு பற்றிச் சுருக்கமாக. 2025 அக்டோபர் 20 அன்றோ பிறகோ விண்ணப்பித்தவர்களுக்குப் புதிய குடியியல் தேர்வு: 128 கேள்விகளின் பட்டியலிலிருந்து 20 கேட்பார்கள், 12 சரியாக வேண்டும். 12 வந்ததும் நிறுத்திவிடுவார்கள், 9 தவறானாலும் நிறுத்திவிடுவார்கள். உறவினர் கொடுத்த பழைய 100 கேள்விப் புத்தகத்தை வைத்துப் படிக்காதீர்கள். தவறினால் 60 முதல் 90 நாளுக்குள் ஒரு மறுவாய்ப்பு உண்டு. நிராகரிப்பு வந்தால் 30 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கும் என்-336 படிவம் போடலாம், ஆனால் அதற்கும் தனிக் கட்டணம், காகிதத்தில் 830 டாலர்.

அனுப்பும் முன் கணவரும் நீங்களும் ஒருமுறை பார்த்துவிட வேண்டியது வாக்காளர் பதிவு. ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கும்போது வாக்காளர் பதிவு பற்றிய கேள்வி வரும், தெரியாமல் ஒப்புக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். குடியுரிமை இல்லாமல் பதிவு செய்திருந்தால், வாக்களிக்காவிட்டாலும், விண்ணப்பத்தை அனுப்பாமல் முதலில் ஒரு குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள். இது 760 டாலர் நட்டத்தோடு நிற்கும் விஷயமல்ல, இங்கே இருக்கும் உரிமையையே தொடக்கூடியது. வரி பாக்கி, மதுபோதையில் வண்டி ஓட்டிய வழக்கு, வரிக் கணக்கைக் குடியிருப்பவரல்லாதவர் என்று 1040-என்ஆர் படிவத்தில் போட்டது, இவையும் அதே வகை. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால், நீதித் துறையின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள் உள்ள தொண்டு நிறுவனங்கள் உண்டு. பலவற்றில் இலவசம் அல்லது மிகக் குறைந்த கட்டணம். "நோட்டரி", "விசா ஏஜென்ட்" என்று பலகை மாட்டியவர்களுக்குச் சட்ட ஆலோசனை தரும் உரிமை கிடையாது. பையன் 18 ஆனதும் 30 நாளுக்குள் செலக்டிவ் சர்வீஸ் (தேவைப்பட்டால் ராணுவத்துக்கு அழைக்க அரசு வைத்திருக்கும் பட்டியல்) பதிவு இருக்க வேண்டும், குடியுரிமை வந்திருந்தாலும் வராவிட்டாலும்.

உறுதிமொழிக்குப் பிறகு. கணவர் உறுதிமொழி எடுத்த நாளே அவரது இந்தியக் குடியுரிமை, 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி முடிந்துவிடுகிறது. இந்தியப் பாஸ்போர்ட்டில் அதன்பின் பயணிக்கக் கூடாது. அமெரிக்கப் பாஸ்போர்ட் வாங்கி, இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சான்று பெற்று, பிறகு ஓசிஐ (வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) விண்ணப்பம் என்பதுதான் வரிசை. நியூ ஜெர்சிக்கு நியூயார்க் துணைத் தூதரகம், விண்ணப்பங்கள் விஎஃப்எஸ் என்ற நிறுவனம் வழியாகப் போகும். உறுதிமொழிக்கும் ஓசிஐக்கும் இடையே ஊருக்குப் போக டிக்கெட் எடுக்காதீர்கள். ஓசிஐயில் விவசாய நிலம் வாங்க முடியாது, பரம்பரையாக வருவதை வைத்துக்கொள்ளலாம். ஊரில் நிலம் வாங்கும் எண்ணம் இருந்தால் இதை முன்பே யோசியுங்கள்.

பிள்ளைகளுக்கு என்-600 படிவம் வழியாகக் குடியுரிமைச் சான்றிதழ் வாங்க ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும், உடனே அது தேவையில்லை. அமெரிக்கப் பாஸ்போர்ட்டே குடியுரிமைக்குப் போதுமான சான்று. பையனுக்கு 130 டாலரும் 35 டாலர் கூடுதல் கட்டணமும், பெண்ணுக்கு 100 டாலரும் அதே 35ம். பெண் 16 வயதுக்குக் கீழே என்பதால் நீங்கள் இருவரும் நேரில் போக வேண்டும். கணவரின் குடியுரிமைச் சான்றிதழ், பிள்ளைகளின் கிரீன் கார்டுகள், பிறப்புச் சான்றுகள், உங்கள் திருமணச் சான்று எல்லாம் அசலாகக் கேட்பார்கள். தமிழ்நாட்டுப் பிறப்புச் சான்றில் பிள்ளையின் பெயர் எழுதாமல் "ஆண்" "பெண்" என்று மட்டும் இருப்பது நிறையப் பேருக்கு உண்டு. அப்படி இருந்தால் ஊரில் உள்ள நகராட்சி அல்லது பஞ்சாயத்து அலுவலகத்தில் பெயரைச் சேர்த்து வாங்கும் வேலையை இன்றே யாரிடமாவது ஒப்படையுங்கள். அதற்குப் பிடிக்கும் காலம் உங்கள் கையில் இல்லை.